ஆறாவது வருடம் அவள் எங்கே?

இந்தியா முழுவதும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு காட்டிவரும் நிலவரம் இது. முதலீட்டாளர் மாநாடுகளில் இந்தக் கணக்கு தவறாமல் மேடையேறுகிறது. மார்ச் 8 வந்தால் ஒரகடம் முதல் ஓசூர் வரை கேன்டீனில் கேக், ஆளுக்கொரு ரோஜா, கோலப்போட்டி, ஒரே நிறச் சேலையில் குரூப் போட்டோ.

இதைப் பார்த்ததும் நம் தோழர்களில் பலருக்கு உதடு கோணிக்கொள்கிறது. "எல்லாம் கார்ப்பரேட் நாடகம், சுரண்டலுக்குப் பூச்சூட்டுகிறான்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் அதில் சேரவில்லை. உற்பத்தித் துறையில் வேலை செய்யும் பெண்களைக் கொண்டாடத்தான் வேண்டும். குறிப்பாக, நம் காலனியிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ் ஏறும் பெண்ணைக் கொண்டாட வேண்டும். ஆனால் அவளை எதற்காகக் கொண்டாடுகிறோம், எத்தனை வருடம் கொண்டாடுகிறோம் என்பதைக் கம்பெனியின் மனிதவளத் துறை முடிவு செய்ய விடக்கூடாது.

முதலில் அவர்கள் சொல்லும் கதையைப் பார்ப்போம். "அடுப்படியை விட்டு வெளியே வந்தாள், இன்று போன் தயாரிக்கிறாள்." விளம்பரம், நாளிதழ்ச் செய்தி, அமைச்சர் உரை எல்லாவற்றிலும் இதே கதைதான். எந்த அடுப்படி? நம் பாட்டிமார் எந்தக் காலத்தில் வீட்டுக்குள் இருந்தார்கள்? நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், அறுத்தார்கள், களத்தில் தூற்றினார்கள். சூளையில் செங்கல் சுமந்தார்கள். வேலூர்ப் பக்கம் பீடி சுற்றினார்கள், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலை பார்த்தார்கள், சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டினார்கள். பிரசவத்துக்கு முந்தின நாள்வரை வேலைக்குப் போன கதை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. வீட்டை விட்டு வெளியே வராத பெண் என்பது ஊர்த்தெருவின் பெருமை. அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் வயலில் வேறொரு பெண் குனிந்து நிற்க வேண்டும். அங்கே நின்றவள் நம் பாட்டி. ஆகவே 'முதன்முறையாக வேலைக்கு வந்த பெண்' என்று எழுதும்போதே நம் பெண்களின் நூற்றாண்டு உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

அப்படியானால் புதிதாக நடந்தது என்ன? அதுதான் நாங்கள் கொண்டாடச் சொல்வது.

பண்ணை வேலையில் கூலியைத் தீர்மானிப்பவரும், தெருவைத் தீர்மானிப்பவரும், குடிக்கிற தண்ணீரைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆள். கூலி போதாது என்று இன்று சொன்னால் நாளை அவர் வரப்பில் நடக்க முடியாது, ஆடு மேய்க்க முடியாது, அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்க முடியாது. தொழிற்சாலைச் சம்பளம் இந்த முடிச்சை அவிழ்த்தது. மாதம் பிறந்தால் பணம் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வருகிறது. கொடுப்பவருக்கு அவள் அப்பா பெயர் தெரியாது. "ஏ புள்ள" என்று கூப்பிட முடியாது, கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்குகிறது. பஸ்ஸில் முதலில் ஏறினால் முதல் சீட்டில் உட்காரலாம். சின்ன விஷயம்போலத் தெரியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த தாத்தாவுக்குப் பேத்தி அவள். இன்று அதே தெரு வழியாகத் தன் சம்பளத்தில் தவணை கட்டும் ஸ்கூட்டியில் போகிறாள். தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், அப்பாவின் வட்டிக் கடன், ஒழுகும் கூரைக்குப் பதில் ஒரு தளம் என்று அந்தச் சம்பளம் போகிற வழிகளை வடமாவட்டங்களில் எந்தக் காலனியிலும் போய்ப் பார்க்கலாம்.

"வேலைக்கு ஆளே கிடைக்கல, எல்லாம் கம்பெனிக்குப் போயிடுச்சுங்க" என்று நிலக்காரர்கள் புலம்புகிறார்கள் அல்லவா, அந்தப் புலம்பலைக் காது குளிரக் கேளுங்கள். கேக் வெட்டுவதைவிட அது நமக்குப் பெரிய கொண்டாட்டம்.

இவ்வளவும் உண்மை. இதைச் சொல்லாமல் 'சுரண்டல்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண்ணே நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். களை பறித்துப் பழகியவளுக்குச் சுரண்டலைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி அடுத்த கேள்வி. எந்தப் பெண்ணை எடுக்கிறார்கள்?

ஆட்சேர்ப்பு முகாம் அறிவிப்புகளை ஒரு மாதம் சேகரித்துப் பாருங்கள். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. சில இடங்களில் இருபத்தெட்டு. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ போதும். உணவு, தங்குமிடம், போக்குவரத்து உண்டு. முகாம் நடக்கும் இடம் பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊராக இருக்காது, நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பக்கத்து ஊர்ப் பெண் மாலையில் வீட்டுக்குப் போவாள், அண்ணனிடம் சொல்வாள், அப்பா வாசலில் வந்து நிற்பார், கட்சிக்காரர் வருவார். தூரத்துப் பெண் விடுதிக்குத்தான் போவாள். இளையவள், தூரத்தவள், மணமாகாதவள். இந்த மூன்றும் சேர்ந்தால் எதிர்த்துப் பேசத் துணை இருக்காது. கம்பெனிக்கு வேண்டியது 'மெல்லிய விரல்கள்' என்று சொல்வார்கள். விரலைவிட இந்தத் தனிமைதான் அவர்களுக்கு அதிகம் பயன்படுகிறது.

இதற்கு மேற்கு மாவட்டங்களில் முன்கதை ஒன்று உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்'. பதின்ம வயதுப் பெண்களை 'பயிற்சியாளர்' என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்து, மாதாமாதம் சொற்பமாகக் கொடுத்து, மூன்று வருடம் முழுதாக முடித்தால் முப்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகுமாம். இரண்டரை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் வெளியே வந்தவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போவது சாதாரணம். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். என்ற இரு அமைப்புகள் 2011-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் தலித் பெண்கள் மிகப் பெரும் பங்கு என்பதும் உலகத்துக்குத் தெரிந்தது. நமக்கு முன்பே தெரியும். இதில் ஒரு குரூர வேடிக்கையைக் கவனியுங்கள். நம் பாட்டிமார் காலத்தில் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள், மாப்பிள்ளை வீடுதான் கொடுத்தது. வரதட்சணை மேல்தெருவிலிருந்து நம் தெருவுக்கு இறங்கி வந்த வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காசு சேர்க்க நம் பெண்களின் மூன்று வருடம் ஆலைக்குள் பூட்டப்பட்டது.

இன்று அந்தப் பெயரைச் சொல்ல யாரும் துணிவதில்லை. மின்னணுத் தொழிற்சாலைகளின் விடுதியும் சம்பளமும் அன்றைய ஆலைகளோடு ஒப்பிட்டால் மேல்தான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின சில வருடங்களை மட்டும் வாங்கிக்கொள்வது என்ற கணக்கு மாறவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று ஒரு புலனாய்வை வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுப்பு என்ற வழக்கமான காரணங்களோடு மெட்டியும் தாலியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற காரணமும் அதில் வந்தது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சில மாதங்கள் கழித்து, விளம்பரங்களில் திருமண நிலையைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள்சேர்க்கும் ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாக அதே செய்தி நிறுவனம் எழுதியது. விளம்பரத்திலிருந்து வரி நீங்கியது சரி. நேர்காணல் மேசையில் கேட்பவரின் வாயிலிருந்தும் நீங்கியதா என்பதை அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்த பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

எனவேதான் எங்களுடைய கேள்வி இது: ஆறாவது வருடம் அவள் எங்கே? பத்தொன்பது வயதில் சேர்ந்தவள் இருபத்தைந்தில் என்ன ஆகிறாள்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளியின் முகமே அந்த ஆலைதான். அங்கேயே 2010 அக்டோபர் 31 அன்று ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஆலை மூடியபோது வெளியே வந்த ஆயிரக்கணக்கானோரில் பெண்கள் பலருக்குக் கையில் ஏழெட்டு வருட அனுபவம் இருந்தது. பக்கத்து ஆலைகள் அனுபவத்தைப் பார்க்கவில்லை, வயதைப் பார்த்தன. ஆணுக்கு அனுபவம் கூடினால் மதிப்புக் கூடுகிறது. பெண்ணுக்கு அனுபவமும் வயதும் ஒன்றாகவே கூடுவதால் இரண்டும் சேர்ந்து அவளைக் கீழே தள்ளுகின்றன.

2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி ஆலையைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மட்டுமே நடத்துவார்கள் என்று அறிவித்தது. இப்படியான அறிவிப்புகள் வரும்போதெல்லாம் நாமும் பகிர்கிறோம், மகிழ்கிறோம். சேர்க்கப்போகும் எண்ணிக்கையைச் சொல்கிறார்களே, ஐந்து வருடம் நிலைத்தவர்கள் எத்தனை, குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை, லைன் லீடர் ஆனவர்கள் எத்தனை என்று எந்த நிறுவனமாவது சுவரொட்டி அடித்து நாம் பார்த்ததுண்டா?

விடுதியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் சாப்பிட்ட உணவால் ஃபாக்ஸ்கான் பெண்கள் நூற்றுக்கணக்கில் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற பதில் கிடைக்காமல், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, வாட்ஸப் இருந்தது. ஆலை மூடப்பட்டது. தங்குமிடமும் சாப்பாட்டுக்கூடமும் தங்கள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு அரசு சிப்காட் மூலம் விடுதி கட்டித் திறந்தது. நல்ல கட்டடம். இது அரசின் கருணை என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: 2021 டிசம்பர் குளிரில் அந்தப் பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் விடுதி என்ற பேச்சுக்கு இந்த வேகம் வந்திருக்குமா? கொண்டாட ஒரு நாள் வேண்டுமென்றால் அந்த இரவைக் கொண்டாடுங்கள்.

நல்ல கட்டடம் வந்தாலும் வாசல் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. பெற்றோரிடம் கம்பெனி தரும் வாக்குறுதி "பொண்ணு பாதுகாப்பா இருக்கும்" என்பது. அதன் பொருள் பல விடுதிகளில் என்ன? ஞாயிறு மட்டும் வெளியே போகலாம், அதுவும் கையெழுத்துப் போட்டுவிட்டு. யாரோடு போனாய், யாரோடு பேசினாய் என்று வார்டன் கேட்பார். நூற்பாலை விடுதிகளில் கைபேசிக்கே தடை இருந்தது. வெவ்வேறு சாதி இளைஞர்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் ஒரே இடமாகத் தொழிற்சாலை பலருக்கு அமைகிறது. அங்கே நட்பும் வரும், காதலும் வரும். ஊரில் அதைத் தடுக்கச் சாதிச் சங்கம் இருக்கிறது. விடுதியில் அந்த வேலையை வார்டன் சம்பளத்துக்குச் செய்கிறார்.

அடுத்தது சூப்பர்வைசர் விஷயம். நாங்கள் இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம்.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" கோயில் பக்கமா, ஏரிக்கரைப் பக்கமா என்று தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு யார் ஊசி பிடிப்பது, யார் பிசிர் வெட்டுவது, யாருக்கு டார்கெட் குறையும், யார் கழிப்பறைக்குப் போய் இரண்டு நிமிடம் தாமதித்தால் மைக்கில் பெயர் சொல்லித் திட்டு விழும் என்பதெல்லாம் தானாக ஒழுங்குபடும். திருப்பூர்ப் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் தளத்தில் நின்று மேலே பார்த்தால் சூப்பர்வைசர் ஆண், பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதி. கீழே பெண்கள். இதற்குப் புள்ளிவிவரம் கேட்பார்கள். பெண்கள் எத்தனை சதவீதம் என்று அறிக்கை போடும் நிறுவனங்கள் சாதி எத்தனை சதவீதம் என்று எண்ணுவதில்லை. எண்ணாத ஒன்றுக்கு எங்களிடம் கணக்குக் கேட்பது நல்ல தந்திரம்.

அண்ணல் அம்பேத்கர் இதை நூறு வருடத்துக்கு முன்பே பம்பாய் ஆலைகளில் பார்த்தார். அங்கே நூற்புப் பிரிவில் தீண்டப்படாதோர் வேலை செய்யலாம். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் நுழைய முடியாது. நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப்போட வேண்டும், அவர்கள் எச்சில் பட்ட நூலை மற்றவர் தொடமாட்டாராம். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக்கச் சொல்லி அவர் சங்கத் தலைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தலித் தொழிலாளர் மாநாட்டிலும் இதே பொருள்தான்: கேங்மேனாகச் சேர்ந்தவர் கேங்மேனாகவே ஓய்வுபெறுகிறார், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள் போய் வேலை செய்ய வேண்டியிருக்கும். பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியதும் அதே 1928-இல்தான். வாசலில் நுழைவது, உள்ளே மேலே ஏறுவது, பிள்ளை பெற்றுத் திரும்புவது என்ற மூன்றையும் அவர் அன்றே தனித்தனியாகப் பார்த்தார். நாம் இன்னும் முதலாவதையே கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

மேலே ஒருவன், கீழே ஒருத்தி, நடுவில் கேட்க ஆளில்லை என்றால் என்ன நடக்கும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. 2021 ஜனவரியில், நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். மாதக்கணக்கில் தொந்தரவு இருந்தது என்று குடும்பமும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். இந்த மாதிரிச் சாவுகள் நம் மாவட்டங்களில் இரண்டாம் நாள் பெட்டிச் செய்தியாகி மூன்றாம் நாள் மறைந்துபோகும். இந்த முறை மறையவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் குடும்பத்தோடு நின்றது. சாட்சி சொன்ன பெண்களோடு நின்றது. துணி எந்த நாட்டில் எந்தக் கடையில் தொங்குகிறதோ அதுவரை போய்க் கேட்டது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணியும், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும், ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்கும் நிறுவனங்களோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டன.

அந்த ஒப்பந்தத்தைச் சமூகப்பணியும் சட்டமும் படிக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். வழக்கமான கம்பெனி நடத்தை விதிகளில் இல்லாத மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன. பாலினத்தோடு சாதியும் இடப்பெயர்வும் பாகுபாட்டுக் காரணங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. தளத்தில் கண்காணிப்பது வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் இல்லை, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிப் பெண்கள். ஆலை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிகத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆடிட்டர் வரும் நாளில் தளம் பளபளக்கும், எல்லோருக்கும் முகக்கவசம் கிடைக்கும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முதல்நாளே சொல்லித்தருவார்கள். இருபத்தைந்து பேர் வேலை செய்யும் வரிசையில் அவர்களில் ஒருத்தியே கண்காணிப்பாளர் என்றால் யாருக்கு என்ன பதில் சொல்லித்தருவது? ஒரு சாவிலிருந்து இதைப் பிடுங்கி எடுத்தவர்கள் நம் பெண்கள். எந்த விருதுப் பட்டியலிலும் அவர்களைப் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு குரல்கள் எழும்.

"இப்படிப் பேசினால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும்." இந்த மிரட்டலை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம், கூலி உயர்வு கேட்டால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவேன் என்று. திண்டுக்கல் ஒப்பந்தத்துக்குப் பிறகும் அந்த ஆலை ஓடியது. அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் அந்த ஆலைத் துணிக்குப் போட்ட தடையை செப்டம்பரிலேயே நீக்கியது. ஒப்பந்தத்தின்படி நடந்த சீர்திருத்தம் அதற்கு உதவியது. தொழிலாளியின் உரிமை வணிகத்தைக் காப்பாற்றிய கதை இது, முதலாளிகள் சொல்ல விரும்பாத கதை.

இரண்டாவது குரல் நம் வீடுகளிலிருந்தே வரும். "அப்படின்னா பொண்ண அனுப்பாதீங்க." இதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு கொலைச் செய்தி வந்தால் அடுத்த வாரம் பத்து வீட்டில் பெண்ணின் வேலை நிற்கிறது, பதினொன்றாவது வீட்டில் அவசரமாகக் கல்யாணம் நடக்கிறது. தொந்தரவு செய்தவன் வேலையில் இருக்கிறான், பயந்தவள் வீட்டில் இருக்கிறாள். தோழர்களே, சுரண்டலை அம்பலப்படுத்துகிறோம் என்று நாம் எழுதும் பதிவுகள் இந்தப் பயத்துக்குத் தீனி போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களைப் போகச் சொல்ல வேண்டும், போகும்போது தனியாக அனுப்பாமல் இருக்க வேண்டும்.

பெண்கள் தாங்களே எழுந்தபோது என்ன ஆனது என்பதற்கு இரண்டு சம்பவங்களை மட்டும் நினைவூட்டுகிறோம். 2015 செப்டம்பரில் மூணாறில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனதும், தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ஆண் சங்கத் தலைவர்களை மேடையிலிருந்து விரட்டிவிட்டுத் தாங்களே ஒன்பது நாள் சாலையில் நின்றார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். அது தோட்டம், தொழிற்சாலை இல்லையே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். 2016 ஏப்ரலில் பெங்களூரில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று ஒன்றிய அரசு விதி போட்டபோது, ஆயத்த ஆடைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெறவைத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுவரை யார் அவர்களைத் தையல் மெஷினில் உட்கார விடுகிறார்கள்? வேலையை விட்டுத் துரத்தப்படும் நாளில் கையில் இருக்கும் ஒரே பணம் பி.எஃப். விதி எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை, தைப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, மாணவர்களாகிய நாம் என்ன செய்வது? பெரிய திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. கையில் இருக்கும் சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பதே பாதி வேலை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு வேண்டும் என்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளரும்கூட அதில் அடக்கம். கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸும் பணியிடம்தான். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். "நீ டிரெய்னி, உனக்குப் பொருந்தாது" என்று சொல்லப்படும் பெண்ணிடம் இந்த ஒரு பத்தியைக் கொண்டுபோய்ச் சேருங்கள். அதே துன்புறுத்தலைத் தலித் பெண் என்று தெரிந்தே செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவும் வரும். உள்புகார்க் குழுவுக்கு இதைப் பற்றி நினைவே இருக்காது. பெண் என்பதற்குக் கம்பெனிக்குள் ஒரு புகார், தலித் என்பதற்குக் காவல் நிலையத்தில் ஒரு புகார் என்று அவளை இரண்டாகக் கிழிக்கிறார்கள். அவளுக்கு நடந்தது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு ஆட்சேர்ப்பு வேன் வரும்போது கேட்கவும் சில கேள்விகள் உண்டு. நியமனக் கடிதம் யார் பெயரில், கம்பெனியா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எந்த மாதம் கிடைக்கும்? உள்புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களில் தளத்தில் வேலை செய்பவர் உண்டா? விடுதியிலிருந்து வெளியே போக யாரிடம் அனுமதி? ஐந்து வருடம் முடித்த பெண் இப்போது உங்களிடம் என்ன வேலையில் இருக்கிறாள்? கடைசிக் கேள்விக்கு மனிதவள அதிகாரி என்ன பதில் சொல்கிறார் என்பதைக் குறித்துவைத்து எங்களுக்கு அனுப்புங்கள். தொகுத்து வெளியிடுகிறோம்.

வேனில் ஏறும் பெண்ணின் கைபேசியில் மூன்று எண்களைப் போட்டுக்கொடுங்கள். 181, பெண்கள் உதவி எண். 14566, வன்கொடுமை உதவி எண். மூன்றாவது, அதே கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஓர் அக்காவின் எண். அந்த அக்காவைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். காலை எட்டு மணிக்குப் போனால் பார்க்கலாம், நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.